எட்டாம் ஆண்டைப் பார்த்து வாங்கும் கார்

தமிழ்நாட்டில் புது கார் எடுப்பவர், பதிவின்போதே ஆயுள் வரி என்று ஒரு பெரிய தொகையைக் கட்டிவிடுகிறார். ஆர்.சி.யும் பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அரசாங்கக் கணக்கில் ஒரு காருக்குக் குறைந்தது பதினைந்து வயது வரை வாழ்வு உண்டு. ஷோரூமின் கணக்கு வேறு. ஐந்தாறு ஆண்டில் எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையில்தான் அங்கே பேச்சே நடக்கிறது. பெரிய திரை, சன்ரூஃப், அறுபத்துநான்கு நிறத்தில் உள்விளக்கு எல்லாம் முதல் ஆண்டில் இனிக்கிற விஷயங்கள். எட்டாம் ஆண்டில் அந்தக் கார் எப்படி இருக்கும் என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

ஒரே காரைப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வைத்திருப்பது என்று முடிவு செய்தவருக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியம். எட்டாம் ஆண்டில் வாரண்டி முடிந்திருக்கும், கம்பெனி அந்த மாடலையே நிறுத்தியிருக்கலாம், வண்டி தெருமுனை மெக்கானிக்கிடம் போகத் தொடங்கியிருக்கும். அப்போது எது சுலபமாகச் சரியாகும், எது சரியாகாது என்பதை இப்போதே கணிக்க வேண்டும். ஓரளவு கணிக்கவும் முடியும்.

முதலில் பணக் கணக்கு. ஆன்-ரோடு விலையாக, அதாவது வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 12 லட்சத்துக்கு வாங்கிய காரை ஐந்தாம் ஆண்டு முடிவில் பாதி விலைக்கு விற்றால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதே காரைப் பதினைந்து ஆண்டு ஓட்டிவிட்டுக் கடைசியில் 1 லட்சத்துக்குத் தள்ளிவிட்டால், ஆண்டுக்கு 73,000 சொச்சம். வித்தியாசம் ஏறக்குறைய 46,000. பழைய வண்டிக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 20,000 ரூபாய் ரிப்பேர் செலவு வந்தாலும் வைத்திருப்பவருக்கே லாபம். ஆனால் ஒரு கியர்பாக்ஸோ ஒரு எலக்ட்ரானிக் யூனிட்டோ போய், ஒரே பில்லில் ஒன்றரை லட்சம் வந்தால் மூன்று ஆண்டு மிச்சம் போச்சு. ஆக, நீண்ட நாள் வைத்திருப்பவர் பயப்பட வேண்டியது அடிக்கடி வரும் சின்னச் செலவுக்கு இல்லை. எப்போதாவது வரும் பெரிய செலவுக்குத்தான்.

விலையைப் பொறுத்தவரை இரண்டு கோடுகள் உள்ளன. ஒன்று, மாநில வரிக் கோடு. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஆயுள் வரியை மாற்றியமைத்தது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800. இருபதாயிரம் விலை ஏறியதற்கு வரி ஐம்பத்துமூவாயிரம் ஏறுகிறது. பத்து லட்சத்தைக் கொஞ்சமே தாண்டுகிற வேரியன்டை யாராவது பரிந்துரைத்தால், அதற்குக் கீழே உள்ள வேரியன்டில் என்ன குறைகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் குறைவது அலாய் வீலும் ஒன்றிரண்டு ஸ்பீக்கருமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஜி.எஸ்.டி. கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். டீசல் என்றால் 1500 சிசி வரை. இதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். மாருதி பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் அடங்கும், ஆனால் இன்ஜின் 1462 சிசி. அதனால் 40. டாடா நெக்ஸான் பெட்ரோல் 1199 சிசி. அதனால் 18. இந்தச் சட்டம்தான் நம் ஊர்க் கார்களில் பாதியின் உருவத்தையும் இன்ஜினையும் தீர்மானிக்கிறது. பெரிய உடம்பை இழுக்கச் சின்ன இன்ஜினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைப்பதற்கு எரிபொருள் சிக்கனத்தோடு இந்த வரியும் ஒரு காரணம். அதன் விளைவு எட்டாம் ஆண்டில் தெரியும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். எந்தக் கம்பெனி நிலைக்கும்? செவ்ரோலே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மே மாதம் இந்தியாவில் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னது. மறைமலைநகரில் கார் கட்டிய தொழிற்சாலை அடுத்த ஆண்டு மூடப்பட்டது. 2022 ஏப்ரலில் நிஸான் தன் டட்ஸன் பெயரை இங்கே முடித்துக்கொண்டது. ஃபியட் கார்கள் 2019 வாக்கில் சத்தமில்லாமல் மறைந்தன. பதினைந்து ஆண்டு என்பது நீளமான காலம். இன்று பளபளப்பாக நிற்கிற ஷோரூம்களில் ஏதோ ஒன்று அதற்குள் இழுத்து மூடப்படும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

ஆனால் கம்பெனி போனதும் வண்டி செத்துவிடுகிறதா? இங்கேதான் ஃபியட் கதை நல்ல பாடம். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் புன்ட்டோ, லீனியாவில் மட்டும் ஓடவில்லை. மாருதி அதை வாங்கி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா என்று வரிசையாகப் போட்டது. டாடா இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட், போல்ட்டில் போட்டது. செவ்ரோலே செயில், என்ஜாயிலும் அதே இன்ஜின். லட்சக்கணக்கான வண்டிகள். ஃபியட் ஷோரூம் மூடிய பிறகும் லீனியா வைத்திருப்பவருக்கு இன்ஜின் விஷயத்தில் பெரிய தவிப்பு இல்லை. ஊருக்கு ஊர் அந்த இன்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருந்தார். பல சாமான் மாருதி, டாடா கடைகளில் கிடைத்தது. அவர் தவித்தது கதவுக் கைப்பிடிக்கும் ஹெட்லைட்டுக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும். இன்ஜினுக்குக் கூட்டம் இருந்தது, உடம்புக்கு இல்லை.

என் கருத்தில் நீண்டகாலக் கார் தேர்வில் பாதி இதில் அடங்கிவிடுகிறது. மாடலின் புகழைவிட, அந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் வேறு எத்தனை வண்டிகளில் ஓடுகின்றன என்று பார்ப்பதே முக்கியம். மாருதியின் 1.5 லிட்டர் பெட்ரோல் பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்.எல். 6, கிராண்ட் விட்டாரா, அப்புறம் டொயோட்டா பெயரில் ஹைரைடர், ரூமியன் என்று பரவிக்கிடக்கிறது. ஹூண்டாயின் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஐ20, வென்யூ, எக்ஸ்டரில் ஓடுகிறது. அவர்களின் 1.5 பெட்ரோல் கிரெட்டா, வெர்னா, செல்டாஸ், கேரன்ஸில். டாடாவின் 1.2 இன்ஜின் டியாகோ, பஞ்ச், ஆல்ட்ராஸில். இவற்றில் எதற்கும் 2035-இல் சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் சாமான் கிடைக்காது என்று நான் நம்பவில்லை. ஒரே ஒரு மாடலில், அதிலும் ஒரே ஒரு டாப் வேரியன்டில் மட்டும் வருகிற இன்ஜினுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அது எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் சரி.

டொயோட்டா கிளான்ஸா மாருதி பலேனோதான், டைசர் ஃபிராங்ஸ்தான் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். இப்படி இரண்டு பெயரில் விற்கும் வண்டிகளில், பேட்ஜைத் தவிர வாரண்டி நிபந்தனையும் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரும்தான் வித்தியாசம். உங்கள் வீட்டிலிருந்து எது பக்கமோ அது.

சரி, இன்ஜின். டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் உள்ள பெட்ரோல் இன்ஜின் பதினைந்து ஆண்டுக்கு மிகக் குறைந்த தலைவலி. ஓட்ட விறுவிறுப்பாக இருக்காது. மலை ஏறும்போது இரண்டாவது கியரில் முனகும். ஆனால் அதில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. டர்போவை மோசம் என்று சொல்ல மாட்டேன். அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும், அந்தச் சூட்டைத் தாங்குவது இன்ஜின் ஆயில்தான். முதல் சொந்தக்காரர் நேரத்துக்கு ஆயில் மாற்றினால் பிரச்சினை இல்லை. ‘இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்’ என்று தள்ளிப்போடுகிற பழக்கம் உள்ள வீட்டுக்கு டர்போ வேண்டாம். தன்னைப் பற்றி நேர்மையாக யோசிக்க வேண்டிய இடம் இது.

மூன்று சிலிண்டரா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 2024-இல் வந்த ஸ்விஃப்ட், டிசையர் இரண்டும் மூன்று சிலிண்டருக்கு மாறிவிட்டன. ஆயுள் விஷயத்தில் இதனால் பெரிய பயம் தேவையில்லை. நிற்கும்போது அதிர்வு கொஞ்சம் கூடும், அதனால் ஏழெட்டு ஆண்டில் இன்ஜின் மவுண்டிங் மாற்றுகிற வேலை வரும், அவ்வளவுதான். டைமிங் பெல்ட்டா செயினா என்பதுதான் நிஜமாகக் கேட்க வேண்டியது. பெல்ட் என்றால் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். விற்பனையாளருக்குப் பெரும்பாலும் இது தெரியாது. சர்வீஸ் பகுதிக்குள் நடந்து போய்க் கேளுங்கள்.

எத்தனால் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த புது வண்டிகளின் ரப்பர் குழாய், சீல் எல்லாம் இதற்கேற்றபடி வருகின்றன. ஆகவே புது காரில் பாகம் அரிக்கும் என்ற பயம் பெரிதாக வேண்டாம். மைலேஜ் குறைவது நிஜம்: எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அது ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் வண்டியை மூடி நிறுத்திவைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கியர்பாக்ஸ்தான் பெரிய பில் வருகிற இடம். மேனுவலில் தேய்வது கிளட்ச். எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டரில் ஒரு செட் மாற்றினால் முடிந்தது, எந்த ஊரிலும் செய்வார்கள். ஏ.எம்.டி. என்பது அதே மேனுவல் பாக்ஸ், கிளட்ச்சை அழுத்த ஒரு இயந்திரக் கை மட்டும் கூடுதல். இந்தியாவில் 2014-இல் செலிரியோவோடு வந்தது. குலுங்கும், மலையில் தயங்கும், ஆனால் உள்ளே இருப்பது தெரிந்த சாமான். அந்த இயந்திரக் கை போனால் செலவு உண்டு.

டார்க் கன்வெர்ட்டர் என்கிற பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் வண்டி கிளம்பும்போது தேய்கிற கிளட்ச் பிளேட் இல்லை. எண்ணெய் வழியாகவே விசை கடத்தப்படுகிறது. அதனால்தான் அது டிராஃபிக்கில் இவ்வளவு பொறுமையாக இருக்கிறது. தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி.யும் நல்லதுதான், அதற்குரிய எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால். டி.சி.டி. என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டி இருக்கிறதே, ஓட்டிப் பார்த்தால் மனசு அதில்தான் போகும். ஆனால் அதில் உலர் கிளட்ச் வகையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு ஊர்ந்து வருகிறது. ஒவ்வொரு முறை இரண்டடி நகரும்போதும் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடாகிறது. சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய் இல்லை. வெளியே 36 டிகிரி. இதைத் தினமும் பன்னிரண்டு ஆண்டு செய்யச் சொன்னால் அது எப்படி உழைக்கும்? எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வகை இதைவிடப் பரவாயில்லை. என்றாலும் வாரண்டிக்கு வெளியே டி.சி.டி.யை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை.

மேனுவலே பாதுகாப்பு என்று முடித்துவிடலாமா என்றால், இன்னொன்று இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் வாங்குபவருக்குக் காரின் கடைசி ஆண்டில் அறுபது. வண்டியின் கிளட்ச்சோடு ஓட்டுபவரின் முழங்காலும் தேயும். நகரத்தில் ஓட்டுகிற அந்த வயதுக்காரர்களுக்கு நான் டார்க் கன்வெர்ட்டரையே சொல்வேன். பிரெஸ்ஸா, எர்டிகாவில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. கிரெட்டாவில் டீசலுக்கு அது, டர்போ இல்லாத பெட்ரோலுக்கு சி.வி.டி. வகை. ஒரே காரின் விலைப்பட்டியலில் மூன்று வகை ஆட்டோமேட்டிக் இருக்கலாம் என்பதால், ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லைப் பார்த்து நின்றுவிடக் கூடாது.

டீசல் யாருக்கு? வாரத்தில் ஓரிரு முறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுபவருக்கு. பி.எஸ். 6 என்ற இப்போதைய மாசு விதிப்படி வரும் டீசலில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்ததை எரித்துச் சுத்தம் செய்ய அதற்கு நல்ல சூடு வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, திரும்ப வீடு என்று ஓடும் டீசல் காரில் அந்தச் சூடு வராது. எச்சரிக்கை விளக்கு எரியும், ஒருநாள் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டதற்குப் பின்னால் இந்தச் சாதனங்களின் செலவும் இருந்தது. டெல்லிப் பக்கம் போகும் எண்ணமிருந்தால் டீசல் வேண்டவே வேண்டாம். பத்து ஆண்டைத் தாண்டிய டீசலுக்கு அங்கே நடக்கும் வழக்கும் தடையும் தளர்வும் ஓய்ந்தபாடில்லை. தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை.

ஆண்டுக்கு பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர் கிராண்ட் விட்டாரா, ஹைரைடரில் வரும் ஸ்ட்ராங் ஹைப்ரிடை, அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வகையை, கணக்கில் எடுக்கலாம். லிட்டருக்கு 14 தரும் சாதாரணப் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோடு, 22 தரும் ஹைப்ரிடை ஒப்பிட்டால் ஆண்டுக்கு 310 லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் பத்து ஆண்டில் மூன்று லட்சம். ஐந்தாண்டில் விற்பவருக்கு இது கட்டுப்படியாகாது, வைத்திருப்பவருக்கு ஆகும். அதன் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி இருக்கிறது. ஒன்பதாம் ஆண்டுக்கு ஒரு தொகையை மனதில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மின்சாரக் கார் பற்றி இங்கே நீட்டவில்லை. ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஓட்டச் செலவும் மிகக் குறைவு, வீட்டில் சார்ஜ் போட இடமும் தினமும் நல்ல ஓட்டமும் உள்ளவருக்கு ஐந்தாறு ஆண்டில் காசு திரும்பிவிடும். பதினைந்து ஆண்டு என்று வந்தால், அதே பேட்டரிப் பெட்டி 2040-இல் கிடைக்குமா என்பது கம்பெனியின் கையில் இருக்கிறது. தெருமுனை மெக்கானிக் கையில் இல்லை.

அடுத்து வேரியன்ட். இங்கேதான் பெரும்பாலோர் காசை வீணாக்குகிறார்கள். கிரெட்டாவின் கீழ் வேரியன்ட்களில் டயர் 205/65 ஆர் 16, மேல் வேரியன்ட்களில் 215/60 ஆர் 17. பார்வைக்கு ஒரு அங்குலம். பதினைந்து ஆண்டில் நான்கு டயரை இரண்டு மூன்று முறையாவது மாற்ற வேண்டும். வெறும் ஓட்டத்தால் தேயாவிட்டாலும் ஆறேழு ஆண்டில் ரப்பர் இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் பதினேழு அங்குலத்துக்குக் கூடுதல் விலை. மழைக்காலக் குழியில் விழுந்தால் இரும்பு வீல் நெளியும், தட்டிச் சரிசெய்யலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றியாக வேண்டும்.

ஹெட்லைட்டையும் பாருங்கள். ஹாலஜன் பல்பு போனால் ராத்திரி எட்டு மணிக்கு நெடுஞ்சாலையோர எலக்ட்ரீஷியன் கடையில் சில நூறு ரூபாயில் பத்து நிமிட வேலை. பல எல்.இ.டி. விளக்குகளில் பல்பு என்று தனியாக ஒன்று கிடையாது. உள்ளே பலகை போனால் விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். வெளிச்சம் எல்.இ.டி.யில்தான் நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எட்டாம் ஆண்டில் ஒரு பக்க விளக்கின் விலை என்ன என்று வாங்கும் முன்பே சாமான் கவுன்டரில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். விலையைச் சொல்லத்தான் செய்வார்கள். கூடவே முன் பம்பர், ஒரு பக்கக் கண்ணாடி, கிளட்ச் செட், ஏ.சி. கம்ப்ரஸர் விலையையும் கேளுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் இந்த ஐந்து விலைகள் முடிவு சொல்லிவிடும்.

சன்ரூஃப் நம் ஊர் வெயிலுக்கு ஏன் வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிள்ளைகள் தலையை நீட்டுவதற்கு என்றால் அது ஆபத்து. அதன் நான்கு மூலையிலும் மழைநீர் இறங்க மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் பூவும் தூசியும் சேர்ந்து அவை அடைக்கும், அப்புறம் ஒரு ஐப்பசி மழையில் தண்ணீர் மேல்விரிப்பு வழியாகச் சொட்டும். ரப்பர் பீடிங்கும் வெயிலில் இறுகும். பெரிய தொடுதிரையைப் பொறுத்தவரை, ஏ.சி. கட்டுப்பாட்டுக்குத் தனிக் குமிழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திரை போனாலும் ஏ.சி. ஓட வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஸ்பீக்கரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், ரிவர்ஸ் கேமராவைப் போட்டுக்கொள்ளலாம். உடம்பின் உறுதியையும் ஏர்பேக்கையும் இ.எஸ்.சி. என்ற சறுக்கல் தடுப்பையும் பின்னால் போட முடியாது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற உள்நாட்டு மோதல் சோதனை நடக்கிறது. மதிப்பெண் அட்டை பொதுவில் கிடைக்கும். 2018-இல் நெக்ஸான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது அது பெரிய செய்தி. 2024-இல் டிசையரே ஐந்து வாங்கியது. சிக்கனமான காரில் பாதுகாப்பு இருக்காது என்ற பேச்சு இப்போது செல்லாது. நட்சத்திரத்தோடு நிற்காமல், பெரியவர், குழந்தை இரண்டு மதிப்பெண்ணையும் பாருங்கள். சோதித்த வேரியன்டில் எத்தனை ஏர்பேக், நீங்கள் எடுப்பதில் எத்தனை என்பதையும்.

இன்ஷூரன்ஸில் நீண்டகாலக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று. காப்பீட்டுக் கணக்கில் காரின் மதிப்பு ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையை நீங்களே போட வேண்டும். அதைத் தவிர்க்கும் ஜீரோ டெப் சேர்க்கை பல கம்பெனிகளில் ஐந்து ஆண்டு வரைதான் எளிதாகக் கிடைக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்கள் இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையை விடக் கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து இன்ஜினை உடைத்தவர்கள் ஏராளம். அந்த உடைப்பு, வெள்ளச் சேதமாக இல்லாமல் ஓட்டுநர் செய்த சேதமாகக் கணக்கில் போகும். சாதாரண பாலிசி அதைத் தராது.

பராமரிப்பில் கம்பெனி அட்டவணைக்குக் குறையாமல் செய்தால் போதும். சர்வீஸ் சென்டர் நீட்டும் இன்ஜின் ஃப்ளஷ், ஏ.சி. கிருமிநாசினி, டெஃப்லான் பூச்சு எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அவர்கள் அதிகம் பேசாத பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில் மூன்றைத்தான் கேட்டு மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றும். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சை முதல் ஆண்டிலேயே அடித்துவிடுவது நல்லது. கம்பெனி தரும் நீட்டித்த வாரண்டியை, ஏழு ஆண்டு வரை கிடைத்தாலும் எடுங்கள். எலக்ட்ரானிக் பாகம் ஒன்று போனாலே அந்தக் காசு வந்துவிடும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து ஒரு குடும்பத்துக்குச் சொல்லச் சொன்னால்: ஊருக்குள்ளேயே ஓட்டம், ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து லட்சத்துக்குள் என்றால் ஹூண்டாய் 1.2 அல்லது ஹோண்டா அமேஸ் 1.2 மேனுவலின் நடு வேரியன்ட், இல்லையேல் டிசையர். மாதம் ஒருமுறை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகிற, டிராஃபிக்கிலும் ஓட்டுகிற குடும்பம் என்றால் 1.5 லிட்டர் டர்போ இல்லாத பெட்ரோலோடு டார்க் கன்வெர்ட்டரோ சி.வி.டி.யோ வரும் வண்டி. ஹோண்டா எலிவேட்டும் இந்த வகைதான்; விற்பனை எண்ணிக்கை குறைவு என்றாலும் அதே 1.5 இன்ஜின் சிட்டியிலும் இருக்கிறது. நெடுஞ்சாலையிலேயே வாழ்பவருக்கு ஹூண்டாய், கியாவின் 1.5 டீசல்.

வாங்கும் நேரத்திலும் வைத்திருப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் போன ஆண்டு தயாரித்த வண்டிகளைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். ஐந்தாண்டில் விற்பவர் இதைத் தொட மாட்டார், ஆர்.சி.யில் பழைய ஆண்டு இருந்தால் மறுவிற்பனையில் அடி விழும். பன்னிரண்டு ஆண்டு கழித்து 2025-ஆ 2026-ஆ என்று யார் கேட்கப்போகிறார்கள்? தள்ளுபடி மொத்தமும் உங்களுக்கு லாபம். ஆனால் பணம் கட்டும் முன் ஸ்டாக் யார்டுக்குப் போய் அந்த வண்டியையே நேரில் பாருங்கள். கார் கம்பெனி தரும் படிவம் 22 என்ற சான்றில் தயாரிப்பு மாதம் இருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்திலும் பாருங்கள். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டி என்றால் பேட்டரியைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பலவீனமாக இருந்தால் புதிது போட்ட பிறகே பதிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நம்பர் வந்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.